கராஜில் தண்ணீர் குடிக்காமல் இருந்த காலம்

பேலியகொடையில் ஒரு கராஜில் வாகன வயரிங் பழகப் போனேன். கொட்டாஞ்சேனையில் நான் படித்த தொழிற்பயிற்சி வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வகுப்பு முடிந்த பிறகு ஒரு கராஜில் ஆறு மாதம் வேலை பழக வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் தருவார்கள். இரண்டு தரம் ஓ.எல். பரீட்சை எழுதியும் கோட்டை விட்ட எனக்கு அந்தச் சான்றிதழை விட்டால் வேறு கதியில்லை.

கராஜ் முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். "நங்கி", அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முன்னால் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அதட்டுவார். மத்தியானம் தன் சோற்றுப் பார்சலில் இருந்து மீன் துண்டு எடுத்து எனக்கு வைப்பார். எல்லாம் இருந்தது, கக்கூஸ் மட்டும் இல்லை. ஆண்களுக்குப் பின்பக்கத்து மதில் போதும். நான் மீன் சந்தைக் கக்கூஸ் வரை நடக்க வேண்டும். முதல் நாள் போய் வந்தபோது, "எங்க போனாய்?" என்று ஒருவன் கேட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். அதோடு போவதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் வீட்டு வேலை செய்கிறார்.

"காலையில தேத்தண்ணி குடியாத. பின்னேரம் வீட்ட வந்து குடி. நானும் அப்பிடித்தானே, அந்த வீட்டுக் கக்கூஸுக்கு என்னை விடமாட்டாங்க."

அந்தக் கக்கூஸைத் தினமும் கழுவுகிறவரே அவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த நாள் தேநீர் குடிக்காமல்தான் பஸ் ஏறினேன்.

வேலை மட்டும் கைக்கு வந்தது. ஒரு வேனின் விளக்குகள் எரியாமல் போனதற்கான காரணத்தை நானே தேடிப் பிடித்துச் சரிசெய்தேன். அன்று வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு சிறுநீர் எரிந்து சலக்கடுப்பு வந்தது. ஒன்று மாற மற்றது. கடைசியில் காய்ச்சலும் முதுகு வலியுமாக ஆஸ்பத்திரியில் படுத்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். யாருக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழும்பி நடந்ததும் பயிற்சி நிலையத்துக்குப் போய், வேறு கராஜ் தரும்படி எங்களுக்குப் படிப்பித்த சேரிடம் கேட்டேன்.

"ஏன், ஆராவது தொந்தரவு செய்தாங்களா?"

"இல்ல சேர்."

"பிறகென்ன?"

பெட்டரி அசிட்டுக்குக்கூடப் பயப்படாத எனக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அங்க கக்கூஸ் இல்ல சேர்."

அவர் மேசையைப் பார்த்தார். "அது தெரியும் பிள்ளை. எல்லா இடமும் கேட்டுப் பாத்தாச்சு. பொம்பிளைப் பிள்ளைய எடுக்கிறன் எண்டு சொன்னது அந்த ஆள் மட்டும்தான்."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். மறுபடியும் காய்ச்சல் வந்தது, நின்றுவிட்டேன். இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். அவளும் அதே வகுப்பை முடித்து அதே கராஜில் கேட்டிருக்கிறாள். முதலாளி தன்மையாகத்தான் பேசினாராம். முன்பு ஒரு நங்கி வந்ததாகவும், நன்றாக வேலை செய்துவிட்டு இடையில் விட்டுப் போய்விட்டதாகவும், இனிப் பெண்களை எடுப்பதில்லை என்றும் சொன்னாராம்.

"நீங்க கொஞ்சம் பொறுத்து இருந்திருக்கலாமே அக்கா," என்றாள்.