போன் இல்லாதவரின் நம்பர்

என் வீட்டுக்காரரின் ஸ்மார்ட்போன் ஏழாவது மாடியிலிருந்து லிப்ட் குழிக்குள் விழுந்து செத்தது. அவர் லிப்ட் மெக்கானிக். லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவிவிட்டதாம். கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு நின்றார்களாம். இவர் மட்டும் கழுத்துச் சுளுக்கு விட்டுப்போன ஆள் மாதிரி லேசாக வீடு வந்து சேர்ந்தார்.

"இனிமே எனக்கு அது வேண்டாம். இல்லாம இருக்க முடியுதான்னு பாத்துடறேன்," என்றார்.

கொஞ்ச நாள் ஆடிவிட்டு வாங்கிக்கொள்வார் என்று நானும் விட்டுவிட்டேன். வாங்கவில்லை. சின்ன பட்டன் போன்கூட வேண்டாமாம். வேலையில் அவருக்குப் பட்டப்பெயர் மேல்மாடி. எப்போதும் கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையிலேயே கிடப்பதால் வைத்தது. 'காலி' என்கிற மீதியை மரியாதைக்காக விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு.

உள்ளதைச் சொல்ல வேண்டும், போன் போன பிறகு ஆள் தேறிவிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தார். பேசினால் முகத்தைப் பார்த்தார். படுத்ததும் தூங்கினார். சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தார். சொந்தக்காரர்கள் அவரை ஞானி ரேஞ்சுக்குத் தூக்கி வைத்தார்கள். அவருடைய அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானியின் போன் என் இடுப்பில் இருந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

கம்பெனி, வங்கி, மருந்துக் கடை என்று எங்கே நம்பர் கேட்டாலும் கூசாமல் என் நம்பரைக் கொடுத்தார். லிப்ட்காரர்களின் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அறுந்த கேபிள், கருகிய போர்டு, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, எல்லாம் எனக்கு வந்தன.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தை அரைத்து எடுக்க வேண்டும். ஒரு இழை கூடத் தேய்ந்துவிட்டால் லென்ஸ் பிரேமில் நிற்காது, குப்பைக்குத்தான். கண்ணை அதிலேயே வைத்து அரைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் போன் உறுமும். எடுத்தால், "சார், லிப்ட் நடுவுல நிக்குது, கதவு தொறக்கல" என்று யாராவது எழுதியிருப்பார்கள். நான் சார் இல்லை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். அப்புறம் அலுத்துப்போய் நானே அவராகப் பதில் போடப் பழகிக்கொண்டேன். 'சரிங்க', 'பாக்கறேங்க', 'ஆள் அனுப்பறேங்க'. அதற்கு மேல், அவர் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறாரோ அந்தக் காவலாளியைக் கூப்பிட்டு அவரைக் கீழே இறக்கி விஷயத்தைச் சொல்லவும் வேண்டும். ஊரில் உள்ள பாதிக் காவலாளிகளுக்கு என் குரல் அத்துப்படி. போன் இல்லாமல் வாழ்ந்தது அவர், அதற்கான வேலையைப் பார்த்தது நான்.

சண்டை போடாமல் இல்லை. போட்டபோதெல்லாம், நீதான் எல்லாத்தையும் அழகா சமாளிக்கிறியே என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு இருப்பது ஒரே தம்பி. சின்னவர் என்று சொல்லுவோம். லிப்ட் வேலைக்கு இவர்தான் தம்பியைக் கூட்டிப் போனார். சின்னவருக்கோ உயரம் ஒத்துவரவில்லை, மேலிருந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாலே கால் உதறும். ஒருநாள் வேலையாட்கள் முன்னால் 'நீ எதுக்குடா லாயக்கு' என்று இவர் கேட்டுவிட்டார். சின்னவர் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்து கண்காணாமல் போனார். அதோடு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோய் வருஷங்கள் ஓடிவிட்டன. இவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் செய்தியில் கடல், புயல் என்று ஏதாவது வந்தால் வாய்க்குப் போகும் கை அப்படியே நின்றுவிடும். அவன் ஒரு தடவை வீட்டுப் படி ஏறிவிட்டால் போதும், நான் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சின்னவரிடமிருந்துதான் ஒருநாள் காலையில் கடையில் இருக்கும்போது செய்தி வந்தது. அண்ணன் நம்பர் என்று சொல்லி அத்தை என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணா, நான்தான். கப்பல் நம்ம துறைமுகத்துல நிக்குது. இன்னிக்கு ஒரு நாள்தான். வீட்டுக்கு வரலாமா?"

லென்ஸைக் கீழே வைத்துவிட்டுக் காவலாளியைக் கூப்பிட்டேன். மேல்மாடி இப்போது லிப்ட் குழிக்குள் இருக்கிறார், ஏறி வந்ததும் சொல்கிறேன் என்றார். எதிரே ஒரு டீச்சர் கண்ணாடி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். போனிலோ சின்னவர் ஆன்லைனில் காத்திருந்தார். பதில் தாமதமானால் அண்ணனுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிடுவாரே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. எல்லாருக்கும் போடுகிற மாதிரி அவராகவே போட்டுவிட்டேன்.

"வாங்க. சாயங்காலம் வீட்ல இருப்பேன். சாப்பிடாம வாங்க."

கொஞ்சம் பொறுத்து, "சரிங்க" என்று வந்தது. கடல் கடந்து போய் நல்ல மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அன்று இவர் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். சவரம் செய்துகொண்டார். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டார், பிறகு விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டார். நான் சமைத்ததை மூடி வைத்தேன். பால்கனிக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து கடைசியில் என் எதிரே வந்து நின்றார். அவன் என்னதான் எழுதினான், காட்டு என்றார். காட்டினேன்.

"வாங்கன்னு யாரு போட்டது?"

"நான்தான். வேற யாரு போடுவா?"

"அவனை நான் என்னிக்காவது வாங்கன்னு கூப்பிட்டிருக்கேனா?"

"நான் என்னிக்காவது வாடான்னு கூப்பிட்டிருக்கேனா?"

வீட்டு ஆட்களிடம் கோபம் தலைக்கேறினால்தான் இவர் வாயில் 'நீங்க' வரும். என்னிடமே சண்டை முற்றினால் 'நீங்க சொன்னா சரிதாங்க' என்பார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து டேய் என்றே கேட்டு வளர்ந்த தம்பிக்கு, இத்தனை வருஷம் கழித்து அண்ணன் எழுதிய முதல் வார்த்தை 'வாங்க'. அதைவிட வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கலாம். அண்ணி என்கிற முறையில் என் கை 'வாங்க' என்றுதான் எழுதும். அவருடைய கை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் என் கையை வைத்தது யார்?

"தம்பி, காலைல பதில் போட்டது அண்ணி நான். அண்ணன்கிட்ட போன் இல்ல. உங்களுக்காக வாசலையே பாத்துட்டிருக்கார்" என்று எழுதி அனுப்பினேன். போனை அவர் கையில் திணித்து, கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். என்னவென்று ஆரம்பிப்பது என்று தயங்கினார். கடைசியில் நகக்கண்ணில் கிரீஸ் படிந்த ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினார். "டேய். வாடா." அவ்வளவுதான்.

பதில் வந்தது.

"அண்ணி, எனக்காக நீங்க இவ்வளவு சிரமப்பட வேண்டாம். அண்ணன் மாதிரியே எழுதிப் பாக்கறீங்க, புரியுது. அண்ணனே கூப்பிட்டா அப்ப பாத்துக்கலாம். கப்பலுக்குத் திரும்பிட்டேன், இப்ப எடுத்துடுவாங்க. வரேன்."

இவருக்குக் கண்ணில் பட்டது கடைசி வார்த்தை மட்டும். முகம் மலர்ந்துவிட்டது.

"வரேன்னு போட்டிருக்கான் பாரு."

தெருமுனையில் போய் நிற்பதற்காகச் செருப்பைத் தேடினார்.

"அது அந்த வரேன் இல்லீங்க," என்றேன்.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாம் யார்தான் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்கிறோம்? ஒற்றைக் காலில் செருப்போடு நின்றுகொண்டு முழுதும் படித்தார். பிறகு கூப்பிட்டார். லைன் போகவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "டேய், நான்தான்டா" என்றார். அதற்கப்புறம் அவர் மூச்சும் தெருவில் போகிற வண்டிச் சத்தமும்தான் பதிவானது. அதை அப்படியே அனுப்பினார். ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்தால் விழும் இரண்டாவது விழவில்லை.

காலையிலும் ஒரே டிக்தான். இன்றைக்கே ஒரு போன் வாங்கிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. புது போன், புது நம்பர் வாங்கி யாருக்கு ஆகப்போகிறது? சின்னவருக்குத் தெரிந்தது இந்த நம்பர். கம்பெனிக்கும் வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் தெரிந்தது இந்த நம்பர்.

"இதையே எடுத்துக்கோங்க. இதுல எனக்குன்னு வந்தது என்ன இருக்கு, தேடிக் காட்டுங்க பாப்போம்."

அவர் தேடவும் செய்தார், பாவம். லிப்ட், லிப்ட், ரோஜாப்பூ, மறுபடி லிப்ட். என் அக்கா எப்போதோ எழுதிய 'எப்படி இருக்க' மட்டும் அடியில் கிடந்தது. அதற்கு நான் பதில்கூடப் போட்டிருக்கவில்லை.

"இனிமே நான் இது இல்லாம இருந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எப்படிப் பிடிப்பது என்று படிவரைக்கும் வந்து கேட்டார். காவலாளி யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள் என்றேன்.

கடையில் இடுப்பு உறுமவில்லை. லென்ஸ் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. ஞானியாவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். ஆனால் மனது லென்ஸில் இல்லை, அந்த இரண்டாவது டிக்கில் இருந்தது. கேட்கக் கூடாது, கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மதியம்வரை ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. முதலாளியம்மாவின் போனை வாங்கி, என் நம்பரை யோசித்து யோசித்து அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் லிப்ட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது தெரியாத நம்பர்.

"டேய்," என்றார். "எங்கடா இருக்க? எந்த ஊருடா? அண்ணன்டா பேசறேன். ஏதாவது சொல்லுடா."

'நான்தாங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.