அப்பாவின் படத்துக்கு ஒரு மருந்து

எங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் நெடுநாள் கழுவப்படாமல் வெளிச்சம் புகாத ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. அது என்னுடைய புதுநன்மைக்கு, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு, எடுத்த படம். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்த காலம். படம் கழுவும் மருந்தைத் தடைசெய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது, அதுவும் வருவதில்லை.

படம் எடுத்தவர் அப்பாவின் தம்பி. குருநகரில் பிறந்தும் சித்தப்பாவுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பார். அதனால் கரையில் செய்யக்கூடிய தொழிலாகப் பார்த்து, கோவிலுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். மின்சாரம் போனதும் அவருடைய சிறிய கமராக்கள் பயனற்றுப் போயின. அவற்றின் சின்ன நெகட்டிவ்வைப் பெரிதாக்க மின்விளக்கு வேண்டும். எனவே மூலையில் கிடந்த பெரிய மரக் கமராவைத் தூசி தட்டி வெளியே எடுத்தார். அதன் நெகட்டிவ் பள்ளிக்கூடக் கொப்பியின் அளவு இருக்கும். கடதாசியின் மேல் அதை அப்படியே வைத்து, இருட்டறைக் கதவை ஒரு கணம் திறந்து மூடினால் போதும், படம் விழுந்துவிடும். வெயிலை மட்டும் யாரும் தடைசெய்யவில்லை என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

படம் எடுத்த அன்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டிருந்தார். கழுத்து இறுகுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அம்மா கதிரையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் வெள்ளைச் சட்டையும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுதிரியோடு நடுவில் நின்றேன். சித்தப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எங்களைத் தலைகீழாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, ஒருவரும் மூச்சுக்கூட விடக் கூடாது என்று எச்சரித்தார்.

“உனக்குச் சொல்லத் தேவையில்லை, அண்ணை” என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா கடலட்டைக்குச் சுழியோடுகிறவர். மூச்சை அடக்குவது அவருக்குப் பெரிய காரியமல்ல. சித்தப்பா கமராவின் மூடியைத் திறந்து, ஆறுதலாக எண்ணி, மறுபடி மூடினார். அப்பா அப்படியே சிலைபோல நின்றார். தம்பி மட்டும் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினான்.

அந்தப் படத்தை உடனே கழுவ முடியவில்லை. நல்ல மருந்துப் பெட்டி ஒன்று தடைக்குத் தப்பி, கிளாலிக் கடலால் வள்ளத்தில் வரவிருக்கிறது என்றும், வந்ததும் முதல் வேலை இதுதான் என்றும் சித்தப்பா சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்ரூடியோவை எட்டிப் பார்ப்பேன். மருந்து வரவில்லை. அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது.

ஒரு பின்னேரம் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி மிதந்ததை மற்றவர்கள் கண்டார்கள். கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அம்மா அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டார். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும், “எங்கையோ ஒரு காம்பிலை வைச்சிருக்கிறாங்கள். விடுவாங்கள். வந்திடுவார்” என்றே சொன்னார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

காணாமற்போனவர்களைப் பதிகிற அலுவலகம் ஒன்று பட்டணத்தில் இருந்தது. அங்கே படம் கேட்டார்கள். அப்பாவின் அடையாள அட்டை அவரோடேயே போய்விட்டது. கல்யாணப் படங்கள், கோட்டைச் சண்டையில் எங்கள் பழைய வீடு விழுந்தபோது அதற்குள் போயின. அப்பாவின் முகம் இருந்தது அந்த மரப்பெட்டிக்குள் மட்டும்தான். அதையும் இன்னும் ஒருவரும் பார்த்ததில்லை.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனார்.

“தம்பி, அந்தப் படத்தை இப்ப கழுவித் தாரும்” என்றார் சித்தப்பாவிடம்.

“மருந்து வரட்டும் அண்ணி. இருக்கிறதிலை ஒண்டு பழுதாப் போச்சு. பிழைச்சுதெண்டால் திருப்பி எடுக்க...” சித்தப்பா அந்த வசனத்தை முடிக்கவில்லை.

“எப்ப வரும்?”

அம்மா வாசற்படியிலேயே இருந்துவிட்டார். படம் இல்லாமல் எழும்பமாட்டேன் என்று சொல்லவில்லை. எழும்பவும் இல்லை.

சித்தப்பா தட்டிலிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்கினார். வழக்கமாக அவர் கலக்குகிற மருந்துக்கு நாலைந்து தூள்கள் வேண்டும். அதில் ஒன்று காற்றுப்பட்டு மண்நிறமாகியிருந்தது, வேறு சில முடிந்துவிட்டன. மிஞ்சியவை மெற்றோல் கொஞ்சமும் சல்பைற்று ஒரு பேணியும்தான். பட்டணத்தில் வேறு ஸ்ரூடியோ வைத்திருந்த அவருடைய கூட்டாளி, மெற்றோலோடு சலவைச் சோடாவைப் போட்டால் படம் கறுகறுவென்று உடனே வரும் என்று சொல்லியிருந்தார். சித்தப்பா வேறொரு வழியையும் கேள்விப்பட்டிருந்தார். சோடாவே வேண்டாம், இந்த இரண்டு தூளையும் மட்டும் தண்ணீரில் கரைத்தால் போதும். ஆனால் அது மெதுவாகத்தான் வேலைசெய்யும். படமும் கறுப்புக் குறைந்து சாதுவாகத்தான் வரும்.

எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணனின் முகத்தை வைத்துப் பரீட்சை பார்க்கவும் முடியாது. கடைசியில், சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளைப் பெரிய கமராவில் படம் எடுத்தார். அந்த ஃபிலிமை இருட்டறைக்குள் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சோடா போட்ட மருந்திலும் மற்றப் பாதியை இரண்டு தூள் மருந்திலும் கழுவினார்.

வெளியே வந்து இரண்டு பாதிகளையும் வெளிச்சத்தில் பிடித்தார். சோடாவில் போட்ட பாதி நல்ல கறுப்பாக வந்திருந்தது. ஆனால் மத்தியானச் சூட்டில் அதன் ஓரம் காய்ச்சிய பாலின் ஆடைபோலக் கழன்று, முன்சில்லையும் கொண்டுபோய்விட்டது. மற்றப் பாதி மங்கலாக இருந்தது. ஆனாலும் பின்சில்லின் கம்பி ஒவ்வொன்றும் தெரிந்தது.

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். “என்ன தம்பி உது, சாம்பல் பூசினமாதிரி?”

“சாம்பலாய் இருந்தாலும் ஒண்டும் கழரேல்லை அண்ணி. அண்ணை வெயிலிலை கறுத்த ஆள், பிள்ளையின்ரை சட்டை வெள்ளை. இரண்டையும் உது பிடிச்சு வைச்சிருக்கும். அவசரப்படுறது ஒண்டை விட்டிடும்.”

“அப்ப உதிலையே கழுவும்.”

“விடியட்டும். தண்ணி குளிர்ந்து இருக்கும்.”

அன்று இரவு எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீரை ஸ்ரூடியோவில் கொண்டுபோய் வைத்தோம். விடியற்காலையில் அம்மாவும் நானும் போனோம். என்னையும் உள்ளே விட வேண்டும் என்று அழுது பிடிவாதம் பிடித்தேன். என் புதுநன்மைப் படமல்லவா. சித்தப்பா மறுக்கவில்லை. தனியே நிற்க அவருக்கும் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜாம் போத்தல் விளக்குக்குச் சிவப்புக் கடதாசி சுற்றியிருந்தார். அந்தப் பழைய ஃபிலிமை அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாதாம். அறைக்குள் மண்ணெண்ணெய்ப் புகை. அவர் ஃபிலிமைத் தட்டுக்குள் இறக்கி, தட்டை மெல்ல ஆட்டினார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய உதடுகள் அருள்நிறைந்த மரியே சொல்வதுபோல அசைந்தன. பிறகு தட்டின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு எழும்பியது.

“அது என்ன?”

“உன்ரை சட்டை.”

“என்ரை சட்டை வெள்ளையல்லோ!”

“நெகட்டிவ்விலை எல்லாம் மாறித்தான் இருக்கும். பொறு பிள்ளை.”

அடுத்து அம்மாவின் சேலை, கதிரையின் கால். கடைசியாக, மிகவும் தயங்கி, அப்பா வந்தார். சித்தப்பா ஆட்டுவதை ஒரு கணம் நிறுத்தினார். “வந்திட்டான்” என்று தனக்குள்ளே சொன்னார். அண்ணனை அவர் ‘அவன்’ என்று சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஃபிலிமைத் தூக்கி, படத்தை அழியாமல் நிறுத்துகிற ஹைப்போவுக்குள் வைத்தார்.

கழுவி முடித்ததும், தண்ணீர் சொட்டச் சொட்ட அதை வெளியே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்றார். விடிந்துகொண்டிருந்தது. அம்மா அதை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். தம்பிக்கு இரண்டு தலை இருந்தது. நான் செத்தவீட்டுக்குப் போகிறவள்போலக் கறுப்பு உடுப்போடு நின்றேன். அப்பா மட்டும் அசையவேயில்லை. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. ஆனால் அந்த மீசை வெள்ளை. தலைமயிரும் முழுக்க வெள்ளை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஒரு கிழவர் எங்கள் பின்னால் நின்றார்.

அம்மா அந்தக் கிழவரை நெடுநேரம் பார்த்தார்.

“வயசு போனால் இப்பிடித்தான் இருந்திருப்பார்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ அம்மா, அப்பாவுக்கு நரைக்கேல்லை. உது நெகட்டிவ். கடதாசியிலை அடிச்சால் கறுத்திடும், என்ன சித்தப்பா?”

சித்தப்பா மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டு, “ஓம் பிள்ளை, கறுத்திடும்” என்றார்.

அன்று வெயில் ஏறியதும் படத்தைக் கடதாசியில் அடித்துத் தந்தார். அப்பாவின் தலை கறுத்தது, என் சட்டை வெளுத்தது. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றியது. அம்மா அந்தப் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, கிழமைக்கொரு தரம் பட்டணத்து அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றார். சில நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் நான், “இண்டைக்குச் சொல்லுவினமோ அம்மா?” என்று கேட்பேன். “சொல்லுவினம்” என்பார்.

‘இருப்பார்’ என்று சொல்லாமல் ‘இருந்திருப்பார்’ என்று சொன்ன பிறகும் அவர் யாருக்காக அந்த வரிசையில் நின்றார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, வரிசை எப்போது நகரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.