விஜயதசமி பேட்ச்

1. ஓராள் டிபார்ட்மென்ட்

மல்லசமுத்திரத்தில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்ட அம்மா முதல் நாளே கேட்டார். "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"ரெகுலேட்டரிம்மா. மருத்துவப் பொருளை விக்கறதுக்கு முன்னாடி அரசாங்கத்துல லைசென்ஸ் வாங்கணும். அதுக்கு ஃபைல் தயார் பண்ற வேலை."

"ஓ, புரோக்கரு மாதிரிங்களா?"

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னை மட்டம் தட்டியதில்லை. ஆமாம்மா என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நான் சேர்ந்த கம்பெனி அதுவரை பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்த தறி ஷெட். முதலாளிக்கு ஸ்டெரைல் காஸ் போட ஆசை வந்தது. அதாவது, கிருமி நீக்கி, பையில் அடைத்து சீல் வைத்த காயத்துணி. ஆபரேஷன் தியேட்டரில் அப்படியே கிழித்து எடுத்து ரத்தத்தின் மேல் வைப்பார்கள். அதற்குத் தூசியும் கிருமியும் புகாத க்ளீன் ரூம் கட்டி, மெஷின் வாங்கி, கடைசியாக என்னையும் வாங்கினார்.

ரெகுலேட்டரி டிபார்ட்மென்ட் என்று கதவில் பலகை இருந்தது. டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். "ஆடிட்டு வருது" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். தவறு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

தங்கராசு உட்கார்ந்தான். க்ளீன் ரூமில் பேக்கிங் சூப்பர்வைசர் அவன். தறியில் ஆரம்பித்து சீலிங் மெஷின் வரை கற்றுக்கொண்டவன். ஒரு மத்தியானம் தூக்குப்போசியோடு என் அறைக்கு வந்து, "தனியா உக்காந்து தின்னா சோறு செமிக்காதுங்க அக்கா" என்றான். அதற்கப்புறம் தினமும் வந்தான். அவன் மனைவி எனக்கும் சேர்த்து குழம்பு கொடுத்துவிடுவாள். என் அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. சேலத்தில் பூட்டிய வீடு, இங்கே வாடகை மாடி. சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

2. மூன்றாவது பேட்ச்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலிடேஷன் என்றால் ஒரே அறையில், ஒரே மாதிரி, அடுத்தடுத்து மூன்று பேட்ச் தயாரித்துக் காட்டுவது. மூன்றும் சரியாக வந்தால்தான் 'நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்' என்று அரசாங்கத்துக்குப் போகும் சப்மிஷனில் எழுத முடியும். ஒருமுறை நன்றாக வந்தால் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

இரண்டு பேட்ச் முடிந்தது. மூன்றாவது, ஆயுத பூஜையில் வந்து விழுந்தது. அரசு மருத்துவமனை டெண்டர் ஒன்று மூடப்போகிறது, அதற்குள் லைசென்ஸ் வேண்டும் என்று முதலாளி பறந்துகொண்டிருந்தார். பூஜைக்கு ஷெட்டில் எல்லாத் தறிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். க்ளீன் ரூம் மட்டும் பூட்டியிருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தாலே அழித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது விதி. நானும் பொரி வாங்கித் தின்றுவிட்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டி மூன்றாவது பேட்ச் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. பாஸ்.

அன்றைக்கு மத்தியானம் தங்கராசு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேனுங்க அக்கா. தறிக்கெல்லாம் பொட்டு வெச்சு மாலையும் போட்டாச்சு. நம்ம சீலிங் மிசினு மட்டும் மூளியா நின்னுது. மனசு கேக்கலைங்க. எல்லாரும் போனதுக்கப்புறம் உள்ள போயி சந்தனம் வெச்சு, சூடம் காட்டி, சாம்பிராணி போட்டுட்டு வந்தேன். காலைல சுத்தமாத் தொடைச்சுட்டுத்தான் வண்டிய ஓட்டினோம். பாத்தீங்கல்ல, பாஸாயிருச்சு!"

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

காற்றையே வடிகட்டி அனுப்பும் அறை அது. அதற்குள் சாம்பிராணிப் புகை. லேப்பில் பிரித்துப் பார்ப்பது சில பைகளைத்தான். அவை பாஸானால் மற்ற பைகளுக்கும் அது உறுதி ஆகாது. அதைவிட, முதல் இரண்டு பேட்ச் போட்ட அறை அன்றைக்கு அந்த அறையாகவே இல்லை. அந்த மூன்றாவது பேட்ச் மூன்றாவதே அல்ல.

இது யாருக்கும் தெரியாது. அவனுக்கும் எனக்கும் மட்டும்தான்.

3. அக்கான்னுதானுங்க சொன்னேன்

முதலாளியிடம் போவதற்கு முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

"தங்கராசு, அந்த பேட்ச்சை ஃபைல்ல வைக்க முடியாது. நடைமுறை மீறி நடந்திருக்குன்னு டிவியேஷன் போடணும்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, பாஸானதுங்க அது."

"பாஸ்தான். ஆனா ரூம் சரியில்ல. நாளைக்கு யாரோ ஒருத்தர் வயித்தத் தொறந்து வெச்சிருக்கும்போது அந்தத் துணியத்தான் உள்ள வைப்பாங்க."

"சாமி கும்பிட்டதுல யாருக்குங்க கெடுதல் வந்துரும்?"

"சாமி கும்பிட்டது தப்பே இல்ல. கும்பிட்ட எடம் தப்பு. ஃபைல்ல உன் பேரு வராது, நான் பாத்துக்கறேன்."

"பேரு வராட்டி? உள்ள போற சாவி யாருகிட்ட இருக்குன்னு ஷெட்டுல எல்லாருக்கும் தெரியுமுங்க." சைக்கிள் பெல்லைத் தடவினான். "நான் ஆடிட்டருகிட்டயா சொன்னேன்? அக்கான்னுதானுங்க உங்ககிட்டச் சொன்னேன்."

எந்த கெய்டுலைனிலும் இதற்குப் பதில் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி மேசையைத் தட்டினார். "ஏம்மா, ஃபெயிலானத பாஸுன்னு எழுதறவன நெறையப் பாத்திருக்கறேன். பாஸானதக் கொண்டாந்து ஃபெயிலுங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்!"

"ஃபெயில்னு எழுதல சார். நடந்தத எழுதறேன்."

"நடந்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

கத்தினார். டெண்டர் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தறி ஓட்டி முன்னுக்கு வந்த மனிதர், இழை அறுந்தது தெரிந்தும் மேலே ஓட்டமாட்டார். கடைசியில் "எழவு, மறுபடி முதல்ல இருந்து போடுங்க" என்றார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

காரணம் எழுதும் இடத்தில் 'ஆபரேட்டர் எரர்' என்று போடுவதுதான் எல்லாரும் செய்வது. நான் அப்படி எழுதவில்லை. ஆயுத பூஜை நாளில் என்ன செய்வது என்று நம் நடைமுறையில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் காரணம் என்று எழுதினேன். இனிமேல் பூஜை வெளிக்கதவுக்குச் செய்யப்படும் என்று சேர்த்தேன். முதலாளி அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, தங்கராசுவை குடோனுக்கு மாற்றினார்.

4. பிறகு

ஷெட்டில் பேச்சு வேறு மாதிரி போனது. "அவங்க வேதக்காரங்க. அதான் நம்ம பூசையப் போட்டுக் குடுத்துட்டாங்க." கிறிஸ்துமஸுக்கு ஒரு மெழுகுவத்தியை அந்த அறையில் ஏற்றியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் சர்ச் பூசைக்குப் போய், பாட்டு நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

மூன்று பேட்ச் புதிதாகப் போட்டோம். டெண்டர் கைவிட்டுப் போனது. ஆடிட் நடந்தது. ஆடிட்டர் ஏன் மறுபடி வேலிடேஷன் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்று பக்கத்தைத் திருப்பினார். அந்த ஒரு "ம்"முக்காகத்தான் இவ்வளவும்.

அதற்குள் தங்கராசு வேலையை விட்டிருந்தான். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான் என்று வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லைசென்ஸ் வந்த அன்று ஆபீஸில் ஜிலேபி கொடுத்தார்கள். என் பங்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அறைக்கு வந்து அவனுக்கு போன் போட்டேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்தான். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"தங்கராசு, லைசென்ஸ் வந்துருச்சு."

"சந்தோசமுங்க மேடம்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க மேடம். வண்டி ஓடுது, வெச்சறட்டுங்களா?"

வைத்துவிட்டான்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு காலேஜில் பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகள் சமீபத்தில் என்னைக் கூப்பிட்டு, இந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டார்கள். விதிகள் தெரிய வேண்டும், ஆங்கிலம் தப்பில்லாமல் எழுத வேண்டும், பொறுமை வேண்டும் என்றேன். மேடையில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். கம்பெனிக்கு வெளியே ஓர் ஆளாவது வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு உட்கார்ந்து சாப்பிட, உங்களிடம் எதையும் பயப்படாமல் சொல்ல. நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த பேட்ச் இன்றைக்கு என் மேசைக்கு வந்தாலும் அதையேதான் எழுதுவேன். எழுதிவிட்டு, அவனுக்காக மறுபடியும் அழுவேன்.