வராத மீனுக்கு வந்தவர்

மேட்டூரில் அணைக்குக் கீழே நான் மீன் விற்ற நாட்களில், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் அவரும் வந்துவிடுவார். கடல் மீன்களைப் பற்றி ஆராய்ந்து எழுதுகிற பெரிய படிப்பாளி என்றார்கள். ஒல்லியான உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு. என் கூடையில் ஒருநாளும் பழைய மீன் கிடந்ததில்லை. அவரோ மீனை விட்டுவிட்டு, அது எதைத் தின்றது என்று பார்க்கக் குடலை மட்டும் வாங்கிப் போவார். "கொடலுக்காரரு வாராரு" என்று மற்ற மீன்காரிகள் சிரிப்பார்கள்.

"உல்லம் வந்துதா அம்மா?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. உல்லம், முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும் மீன். அணை எழுந்த புதிதில் சுவரில் முட்டி முட்டிச் செத்தது. பிறகு வரவே இல்லை.

ஒருமுறை நான் கேட்டே விட்டேன். "அது இனி வராதுங்க சாமி. வராத மீனுக்கு நீங்க எதுக்குங்க வாரீங்க?"

அவர் பாறையில் உட்கார்ந்தார். "அணையில மீன் ஏற வழி விடுங்கன்னு எழுதினேன் அம்மா. அதைப் படிச்சுட்டுச் சீமையில ஓர் அணையில வழி விட்டாங்க. இங்கே விடலை."

"அங்க ஏறுற மீனு நம்ம சட்டிக்கு வருமுங்களா?"

சிரித்தார். சிரிப்பிலும் அலுப்புத்தான் இருந்தது.

இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த புதுத்தண்ணீரில் வந்து அதையே கேட்டார். வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் வரலீங்க சாமி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். எதை நம்பி அப்படிச் சொன்னேனோ, நானும் பார்த்தேன்.