மோரி ஓரத்துத் தக்காளி

சமையலறையில் ஏதாவது வாடை அடித்தால் எனக்கு முதலில் காஸ் ஞாபகம்தான் வரும். ரெகுலேட்டரை மூடுவேன், திறப்பேன், மறுபடி மூடுவேன். அந்த வாரம் அடித்தது காஸ் வாடை இல்லை. புளித்த வாடை. தோசை மாவின் நல்ல புளிப்பும் இல்லை, ஏதோ செத்துப்போய்ப் புளித்த மாதிரி இருந்தது. எலியாக இருக்குமோ என்று அரிசி டின்னை நகர்த்திப் பார்த்தேன். சிலிண்டருக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுப் பார்த்தேன்.

"உனக்கு மூக்குலயும் பயம்தான்," என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நாங்கள் இருப்பது மராத்தி பேசும் ஊரான நிக்டியில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அவர் கம்பெனியில் இருந்த காலத்தில் வாங்கியது. வீட்டின் பின்பக்கம் மோரி. பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இங்கே அந்தப் பெயர்தான். சேலம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. மோரித் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாகப் பின்னால் கொஞ்சூண்டு மண்ணுக்குப் போய்விடும். அங்கே யாரும் நடாமலே சேம்பு அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைப்பாள் மருமகள்.

அவள் மராத்திப் பெண். என் மகனோடு வேலை பார்த்துப் பழக்கம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அப்பா மட்டும் வளர்த்த பிள்ளை. அவர் நாராயண்காவ் தாண்டித் தக்காளி போடுகிற விவசாயி. கல்யாணப் பேச்சுக்கே ஒரு கூடைத் தக்காளியோடுதான் வந்தார். நீட்டு நீட்டாக, நுனியில் சின்ன மூக்கோடு, கெட்டித் தோலோடு, கீழே விழுந்தால் உருளுமே தவிர நசுங்காத தக்காளி. ரசத்துக்கு ஆகாது. புளிப்பே இருக்காது. ஒரு தடவை வாய் தவறி அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"விஹிண்பாய், இது லாரியில போறதுக்குன்னே பொறந்த தக்காளி. ஹைப்ரிட். ரசமான்னு கேட்டா அதுக்குக் கோவம் வரும்," என்றார் மராத்தியில். விஹிண்பாய் என்றால் சம்பந்தியம்மா.

தை மாதம் அவர் வந்தபோது, வயலில் நட்டது போக மீந்த நாற்று இரண்டை ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்தார். பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டு, தன் கையாலேயே நட்டு, ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. மாசியில் ஒரு காலை வயல் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மழைக்குப் பயந்திருக்கிறேன், லிப்டுக்குப் பயந்திருக்கிறேன், மகன் ஹெல்மெட் மாட்டினானா என்று தெருமுனை வரை ஓடியிருக்கிறேன். திடமாக நடந்து வந்து திடமாகப் போன அந்த மனிதருக்காக மட்டும் நான் ஒருநாளும் பயந்ததில்லை.

இரண்டு நாற்றில் ஒன்று பட்டுப்போனது. மற்றது காய்த்தது. மருமகள் வேலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை அதன் எதிரில் நிற்பாள். அழமாட்டாள். ஊரிலும் அவள் அழுததை நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வயலைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், அதில் இப்போது வெங்காயம். அவள் அப்பா போட்ட தக்காளி என்று உலகத்தில் மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுப் பெயிண்ட் வாளியில் இருந்த அந்த ஒரு செடிதான். வெயிலில் அதுவும் கீழிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

அவள் என்னிடம் தமிழ் பேச ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். அதுவரை எங்களுக்குள் மராத்தி, அதுவும் நொண்டினால் ஹிந்தி. ஒருநாள் திடீரென்று, "ஆயி, காபி குடிச்சீங்களா?" என்றாள். அவர்கள் பாஷையில் அம்மாவுக்கு ஆயி. குடித்துவிட்டேன் என்று சொல்ல மனசு வராமல் இன்னொரு காபி குடித்தேன். அப்புறம் தினமும் ஒன்றிரண்டு வாக்கியம். "பால் பொங்குச்சு." "அப்பா தூங்கறாங்க." அப்பா என்றது என் வீட்டுக்காரரை. எங்கேயோ எழுதி வைத்துப் படித்து வந்தமாதிரி ஒவ்வொரு சொல்லாக வைப்பாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வோம்.

வாடைக்கு நான் எலி தேடிக்கொண்டிருந்த அன்றைக்கு, அவள் தளேகாவ் போகிற லோக்கல் ரயிலிலிருந்து போன் பண்ணினாள். கூட்ட இரைச்சல்.

"ஆயி, ஜன்னல் கிட்ட டம்ளர் இருக்கு. துணி மூடி இருக்கு. அதுல பீ இருக்கு. இன்னைக்கு கழுவி வெச்சிடுங்க. நான் மறந்துட்டேன்."

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யார் எது சொன்னாலும் நமக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ என்று இரண்டாம் தடவை கேட்டுக்கொள்வேன். பேங்கில் கேட்பேன், மருந்துக் கடையில் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. "என்னம்மா சொன்னே?" என்று கேட்டால் தன் தமிழ் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாளே. நாளைக்குப் பேசாமல் விட்டுவிட்டால்? "சரிம்மா, நீ பார்த்துப் போ," என்று வைத்துவிட்டேன்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தது டம்ளர். துணியை எடுத்ததும் வாடை மூஞ்சியில் அறைந்தது. மேலே வெள்ளையாக ஆடை கட்டி, அடியில் சளி மாதிரி ஏதோ. பாவம், எதையோ வைத்து மறந்து, அது கெட்டுப்போய், கூச்சத்தில் அசிங்கத்துக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு சொல்கிறாள் என்று நினைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு மோரியில் கவிழ்த்தேன். ஒரு வாளித் தண்ணீர் விட்டேன். மனசு கேட்காமல் இன்னொரு வாளி. டம்ளரைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் வந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆயி, பீ எங்கே?"

அவருக்குப் புரையேறிவிட்டது.

"கழுவிட்டேன்மா. டம்ளர் அதோ பாரு, கவுத்தி வெச்சிருக்கேன்."

"டம்ளர் இல்ல ஆயி. பீ எங்க வெச்சீங்க?"

"அதை எதுக்கும்மா வெக்கணும்?"

"பேப்பர் மேல காய வெக்கலையா?"

"காய வெக்கறதா!"

என் வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பொண்ணே, நீ எதைக் கேக்கறே?" என்று மராத்தியில் கேட்டார்.

அவளும் மராத்தியில் சொன்னாள். தக்காளியின் பீ.

சொன்ன அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. விதை. மராத்தியில் பீ என்றால் அதுதான், இந்த ஊர்க் கடைகளில் போர்டு போட்டு எழுதியிருக்கிற வார்த்தை. வெந்தயம் தெளிக்க, கொத்தமல்லி தெளிக்க எத்தனை தடவை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். முழுசாக மராத்தியில் சொல்லியிருந்தால் விதை என்றுதான் கேட்டிருக்கும். சுற்றி எல்லாம் தமிழாக இருந்ததால் நடுவில் இருந்ததும் எனக்குத் தமிழாகவே கேட்டுவிட்டது. அவளுக்கும் விதை என்கிற சொல் தெரியாது. அதைச் சொல்லித்தர எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

"தமிழ்ல அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டு அவரே சொன்னார். மராத்தியில், ஒளிவு மறைவில்லாமல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! ஆயியை நான் டம்ளர்ல..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் சிரித்தாள். மோரிக் கட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தோள் அதே மாதிரிதான் குலுங்கியது, சத்தம் மட்டும் வேறாகிவிட்டது.

"பாபா நட்டது, ஆயி. கடைசி ரெண்டு பழம்."

பழத்தை நன்றாகக் கனியவிட்டு, சதையோடு பிழிந்து புளிக்கவைத்தால் விதையைச் சுற்றியிருக்கிற வழவழப்பு போய்விடுமாம். அப்புறம் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கலாமாம். அந்த வாடை அதனால்தான். நான் அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தேன். தலையைத் தொடலாமா என்று பயந்து பயந்து தொட்டேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து அவர், "ஹைப்ரிட்ல விதை எடுத்தா அதே மாதிரி வராதும்மா. எங்க ஊர்ல சொல்வாங்க," என்றார்.

"தெரியும், அப்பா. எங்க ஊர்ல யாரும் எடுக்க மாட்டாங்க. வருஷா வருஷம் புதுசுதான். பாபா இருந்தா சிரிப்பார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மிச்சத்தை மராத்தியில் சொன்னாள். "ஒண்ணு நீளமா வரும், ஒண்ணு உருண்டையா வரும், ஒண்ணு அதோட பாட்டன் பூட்டன் மாதிரி வரும். எப்படி வேணா வரட்டும். ஏதோ ஒண்ணு வரணும்னுதான் எடுத்தேன்."

நான் மோரியின் சல்லடையைத் தூக்கி விரலை விட்டுத் துழாவினேன். டீ வடிகட்டியில் அலசினேன். கிடைத்ததில் எது மிளகாய் விதை, எது தக்காளி விதை என்று கண்ணாடி போட்டும் தெரியவில்லை. எல்லாவற்றையும் மண்ணில் போட்டோம். ஒன்றும் வரவில்லை. பெயிண்ட் வாளிச் செடியும் காய்ந்து குச்சியாகிவிட்டது.

மனசு ஆறாமல் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய் விதைக் கடையில் நின்றேன். என்ன ரகம் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கென்ன தெரியும்? "நீளமா, கெட்டியா, லாரியில போகுமே, அது," என்றேன். ஒரு பாக்கெட் கொடுத்தார். மருமகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்ல விதை, ஆயி," என்றாள். விதை என்ற சொல்லை அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். பாக்கெட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாள்.

மழை பிடித்தது. மோரித் தண்ணீர் அடைத்துக்கொண்டதா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன், மழை என்றால் எனக்கு அது ஒரு கவலை. சேம்பு இலையைத் தூக்கினால், ஓட்டைக்கு நேர் கீழே, சொரசொரவென்று மயிர் முளைத்த தண்டோடு குட்டிச் செடிகள். ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். தக்காளி.

ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். இந்த மோரியில் நான் ஆயுசு பூராவும் தக்காளி அலசுகிறேன். இது அவள் அப்பா விதையா, எப்போதோ ரசத்துக்கு அரிந்த மார்க்கெட் தக்காளியா? இல்லாத ஆசையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் இல்லை என்று ஆனால்?

"இதையும் மறைச்சு வெச்சு நீயே தனியாப் பயப்படப் போறியா? கூப்பிடு அவளை," என்றார் பின்னால் வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர்.

கூப்பிட்டேன். என் சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னேன். அவள் மழையில் குந்தி உட்கார்ந்து செடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வீட்டிலிருந்த சட்டி வாளியெல்லாம் எடுத்துவந்து, ஒன்றையும் விடாமல் மாற்றி நட்டாள். ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள், அவர் செய்த மாதிரியே.

தசராவை ஒட்டிக் காய்த்தன. ஒன்று கோலிக்குண்டு மாதிரி. ஒன்று பூசணி மாதிரி வரி வரியாக, சொத்தையாகவும் போனது. ஒன்று வாயில் வைத்தாலே கண்ணை மூடவைக்கிற புளிப்பு. இரண்டு செடியில் மட்டும் நீட்டு நீட்டாக, நுனியில் சின்ன மூக்கோடு.

"இதுதான்மா!" என்றேன்.

"இருக்கலாம்," என்றாள். "மார்க்கெட் தக்காளியும் லாரியில வந்ததுதானே, ஆயி. அதுவும் இப்படித்தான் இருக்கும்." கோலிக்குண்டை விரலில் உருட்டினாள். "பாபா இதுலயும் இருக்கலாம். எது எதுன்னு பிரிக்க வேண்டாம். எல்லாத்துலயும் எடுப்போம்."

அன்றைக்குப் புளிப்புத் தக்காளியில் ரசம் வைத்தேன். அவள் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, "ரசம்னா இதுக்குக் கோவம் வரலை. பாபா தோத்துட்டார்," என்றாள். சாப்பிட்ட கையோடு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மிளகு எரிந்தது என்றாள்.

மறுபடி ஜன்னலில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. மறுபடி வீடு பூராவும் அந்த வாடை. வடிகட்டி அலமாரியில் தொங்குகிறதா என்று நான் தினமும் பார்த்துக்கொண்டேன். ஒரு காலை தளேகாவ் ரயிலிலிருந்து போன் வந்தது. விதை என்கிற சொல் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனாலும் குரலை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "ஆயி, பீ கழுவி வெச்சிடுங்க," என்றாள். பக்கத்தில் தமிழ்க்காரர் யாராவது நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

"என்னம்மா சொன்னே?" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

மோரி ஓட்டையை முதலில் துணி வைத்து அடைத்தேன். சரியாக அடைத்திருக்கிறதா என்று மறுபடி அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு டம்ளராக வடிகட்டியில் கொட்டி, அலசி, பேப்பரில் பரப்பினேன். காற்றில் பறந்துவிடுமோ என்று நாலு மூலையிலும் கரண்டி வைத்தேன். கடைசியில் மோரியில் தேங்கி நின்ற கலங்கல் தண்ணீரைப் பார்த்தேன். வடிகட்டிக்குத் தப்பியது ஒன்றிரண்டு அதிலும் கிடக்கலாம்.

துணியை உருவினேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு சேம்புப் பக்கம் போனது.