ராஜாங்கத்தின் நெற்றிச் சிங்கம்

வைஜெயந்திக்கு என்ன வேலை என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும், "குதிரைக்கு மூக்கு துடைக்கிற வேலை" என்பார்கள். இந்த விளக்கத்தை ஊருக்கு வழங்கிய வள்ளல் அவளுடைய மாமனார் ராஜாங்கம். உப்பள முதலாளி. தெரிந்த விஷயத்தில்கூடச் சற்றுத் தயங்குவார். தெரியாத விஷயத்தில் தயங்கியதே கிடையாது.

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். பொம்மையார்பாளையத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஹெர்பிஸ் என்கிற வைரஸ் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்று குதிரையைப் படுத்தும், இன்னொன்று மனிதனுக்கு அக்கியாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆன்டிபாடி, குப்பி குப்பியாக ஃபிரிட்ஜில் இருக்கும். குதிரையின் மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, அதன்மேல் ஆன்டிபாடியை விட்டால், வைரஸைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும்.

அன்று ஒரு ரிசார்ட் குதிரையின் தகடு மின்னியது. உடனே அதற்குத் தனிக் கொட்டகை, டாக்டர், மாத்திரை எல்லாம் வந்துவிட்டன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாமனாரின் நெற்றியில் இடதுபக்கம் கொத்தாகக் கொப்புளம். மூக்கு நுனியிலும் இரண்டு. இடது கண் சிவந்திருந்தது.

"இது அக்கிங்க மாமா. மூக்கு நுனிக்கு வந்தா கண்ணுக்கும் போயிடும். இப்பவே பாண்டிக்குப் போயி கண் டாக்டரைப் பாத்துடலாம்."

"கண்ணு சிவக்காத உப்பளக்காரன் எவம்மா இருக்கான்? வெள்ளை உப்புல வெயில் அடிச்சா அப்படித்தான். அக்கின்னா உங்க லேப்லயே அதுக்குப் பாட்டில் இருக்குதே, ஒண்ணு எடுத்துட்டு வா."

"அது கண்டுபிடிக்க மட்டும்தான் மாமா. குணமாக்காது."

"எரியுதுன்னு எனக்கே தெரியுது. அதுக்கு எதுக்கும்மா பாட்டில்?"

மறுநாள் காலையில் அக்கி தீரப் படம் எழுதுகிற குயவரிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது நெற்றியில் காவியால் எழுதிய சிங்கம் இருந்தது. வால் கண்ணிமைவரை வந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் சிங்கத்தின் பிடரியைப் பாராட்டினார்கள். கண்ணை யாரும் பார்க்கவில்லை. அவள் கணவன் தேவா, "அப்பா சொன்னா கேக்கமாட்டாரு" என்று தன் கடமையை முடித்துக்கொண்டான். ரிசார்ட் குதிரைக்காரர் தினமும் அவளுக்குப் போன் செய்து, குதிரைக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

சில நாளில் சிங்கம் காய்ந்து வெடித்த பிறகும் அவருக்கு இடது கண் திறக்கவில்லை. அப்போதுதான் தானாகவே ஆட்டோ கூப்பிடச் சொன்னார். கண் டாக்டர் முதலில் சிங்கத்தைக் கழுவவேண்டியிருந்தது. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, பார்வை முழுசாகத் திரும்பாது என்றார்.

இப்போது இடது கண்ணுக்கு உப்புக் குவியலும் வானமும் ஒன்றுதான். சிங்கம் மட்டும் இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று டீக்கடையில் சொல்லிவருகிறார். குதிரை முழுசாகக் குணமாகிவிட்டது. பாவம், அதற்கு வைத்தியத்தைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஒருநாள் அவள் சொட்டு மருந்து விடும்போது, மேலே பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் குதிரை எப்படிம்மா இருக்குது?"

"பீச்சுல ஓடுதுங்க மாமா."

மருந்து விழுந்த இடது கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கு மொத நாளே வைத்தியம் பாத்துட்டாங்களா?"

"ஆமாங்க மாமா."

வலது கண்ணையும் மூடிக்கொண்டார்.