எடை போட்டுப் பாத்துருங்க சார்

ஹனீபாவைத் திருடன் என்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தியவன் நான்தான். பெயர் தேவசிகாமணி, வேதியியல் வாத்தியார். அவரைப் பற்றி எழுதும்போது என்னை ஒளித்துக்கொள்ள வழியில்லை.

ஹனீபா சேலத்துக்காரர். கேஸ் ஏஜென்சியில் வேலை. ஜீப் போகாத எஸ்டேட் வீடுகளுக்குச் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறுவார். வெள்ளக்கடைச் சரிவில் வழுக்கி முட்டி சிராய்ந்தபோதும் சிலிண்டரைக் கீழே விடவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நல்ல பெயரைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது.

எண்பத்தாறு கிறிஸ்துமஸ் காலை, விரல் மடங்காத குளிர். எங்கள் வீட்டுச் சிலிண்டர் பின்பக்கம் வெளியில் நின்றது. என் மனைவி இன்பமேரி இரண்டு அடுப்பிலும் பெரிய பாத்திரம் ஏற்றியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் தீ சுருங்கி அணைந்தே போனது. மாட்டிப் பத்தே நாள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. விறகடுப்பு மூட்டச் சொல்லிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்த கூட்டம் மொத்தமும் நின்று கேட்டது.

“வழியில பாதிய வித்துட்டயா?”

“ஏனுங்க சார், எடை போட்டுப் பாத்துருங்க. எஸ்டேட்ல காப்பிக்கொட்டை தராசு இருக்குதுங்க.”

“கேஸப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறயா?”

எடை போடவில்லை. ஏஜென்சியில் புகார் எழுதிக் கொடுத்தேன். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாவி கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வகுப்பில் வாயுக்கள் பாடம். “நல்லியல்பு வாயு எவ்வளவு குளிர்ந்தாலும் வாயுதான். அது ஏட்டில் மட்டும் இருப்பது. நிஜ வாயு குளிரக் குளிர மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு திரவமாகிவிடும். உதாரணம், சமையல் கேஸ்.” பத்து வருடமாகச் சொல்லி வந்த உதாரணம். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கழற்றிப் போட்டிருந்த அந்தச் சிலிண்டரைச் சாயங்காலமே எஸ்டேட் தராசில் ஏற்றினேன். பதினொரு கிலோ கேஸ் உள்ளேயே இருந்தது. குளிரில் ஆவியாக முடியாமல் கிடந்திருக்கிறது.

ஏஜென்சியில் உண்மையைச் சொல்லி அவரை மறுபடி வேலையில் சேர்க்க வைத்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் வீட்டு வாசலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். “உடுங்க சார், குளிருங்க” என்றார்.

அடுத்த சிலிண்டரோடு ஒரு வில் தராசும் கொண்டுவந்தார். உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, “படிச்சுக்கங்க சார்” என்றார். பதினொரு வருடம், ஒரு தடவைகூட விடவில்லை.

இன்பமேரி ஒருநாள் கேட்டாள்: “எல்லா ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?”

“இல்லீங்கம்மா. இந்த ஊட்டுல மட்டுந்தானுங்க.”

நான் முள்ளைப் பார்த்து எடையைப் படித்தேன்.